கால் ஷேவ் செய்ய எந்த ரேசர் வாங்குவது? முதல் தடவை வாங்குபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

சூப்பர் மார்க்கெட்டில் பெண்களுக்கான ரேசர் தொங்கும் இடத்தில் நின்று, எதை எடுப்பது என்று தெரியாமல், நிறம் பிடித்திருக்கிறது என்றோ பக்கத்தில் யாரோ வருகிறார்கள் என்ற கூச்சத்திலோ ஒன்றை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு வந்த அனுபவம் நம்மில் நிறைய பேருக்கு இருக்கும். நான் ஆரம்பித்தது அதைவிட மோசம். கல்லூரி முதல் வருடம், சித்தி மகள் கல்யாண ரிசப்ஷனுக்குக் கிளம்பும் அவசரத்தில், அப்பாவின் யூஸ் அண்ட் த்ரோ ரேசரை எடுத்து, சோப்புகூடப் போடாமல் தண்ணீரைத் தெளித்துவிட்டு இழுத்தேன். அன்றைக்குக் கால் வழுவழுவென்றுதான் இருந்தது. இரண்டாம் நாள் கெண்டைக்கால் முழுக்கச் சின்னச் சின்ன சிவப்புப் பொரிகள், பத்து நாளில் அவை கறுப்புப் புள்ளிகள், அந்தக் கறுப்பு மறைய ஏழெட்டு மாதம் ஆயிற்று.

அதனால் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு கருத்து உறுதியாக இருக்கிறது. நம்முடைய மாநிறத் தோலுக்கு ரேசர் வாங்கும்போது, எது அடியோடு ஒட்ட மழிக்கும் என்று தேடுவதைவிட, எது தோலைக் குறைவாகத் தேய்க்கும் என்று தேட வேண்டும். தோல் சிவந்து எரிந்து ஆறினால், ஆறிய இடத்தில் தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனின் கூடுதலாகச் சுரந்து கறுப்பாகிவிடும், அதிலும் முகத்தைவிடக் காலில் அது மறைய ரொம்ப நாள் எடுக்கும். முடி நாலு நாளில் திரும்ப வந்துவிடும், கறுப்பு மாதக்கணக்கில் நிற்கும். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் இந்தக் கணக்கில்தான் வருகின்றன.

படி 1: கடைக்குப் போகுமுன் உங்கள் காலைப் பாருங்கள்

ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து மூன்று விஷயம் பாருங்கள்.

முதலில் கொசுக்கடித் தழும்பு. போன மாதம் கொசு கடித்துச் சொறிந்த இடம் இன்னும் கறுப்பாக இருக்கிறதா? இருந்தால் உங்கள் தோல் சின்ன எரிச்சலுக்கும் கறுக்கும் வகை. இது எந்த அட்டையிலும் எழுதியிருக்காது, ஆனால் ரேசர் தேர்வில் இதைவிட முக்கியமான தகவல் கிடையாது.

அடுத்து முடி. மெல்லிய பூனை முடி மாதிரி இருக்கிறதா, கறுத்துத் தடித்து அடர்த்தியாக இருக்கிறதா? தொடையிலும் கெண்டைக்காலிலும் வேறு வேறாக இருக்கலாம். விரலால் தடவினால் முடி எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று தெரியும். பெரும்பாலும் கீழ் நோக்கித்தான் படுத்திருக்கும், முழங்காலைச் சுற்றியும் கெண்டைக்காலின் பின்பக்கமும் மட்டும் கொஞ்சம் சுழன்று பக்கவாட்டில் போகும். மழிக்கும்போது இது தேவைப்படும்.

மூன்றாவது, முன்பு வேக்ஸிங் செய்தோ ஷேவ் செய்தோ முடி தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்து கட்டிகட்டியாக வந்திருக்கிறதா? சுருட்டை முடிக்காரர்களுக்கு இது அதிகம். வந்திருந்தால் நாலைந்து பிளேடு உள்ள ரேசர் பக்கமே போக வேண்டாம், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

சிலர் ரேசருக்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. சர்க்கரை நோய் இருந்து பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், காலில் நரம்பு சுருண்டு புடைத்திருப்பவர்கள், சின்னக் காயம்கூடத் தடித்து மேடாகும் தோல் உள்ளவர்கள். படை, சொறி, கொப்புளம் இருக்கும் இடத்தில் ஆறும்வரை யாருமே பிளேடு வைக்கக் கூடாது.

அப்புறம், ஷேவ் செய்தால் முடி தடியாக வளரும் என்று வீட்டில் சொல்வார்கள். எங்கள் பாட்டி இன்னும் சொல்கிறார். பிளேடு வெட்டுவது தோலுக்கு மேலே இருக்கும் உயிரற்ற பகுதியை மட்டும்தான், வேருக்கு அந்தச் சேதி போகாது. 1928-லேயே மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியல் ஆய்வாளர் அளந்து பார்த்து, ஷேவ் செய்வதால் முடியின் தடிமனோ வளரும் வேகமோ கூடவில்லை என்று எழுதிவிட்டார். இயல்பான முடியின் நுனி கூம்பியிருக்கும், வெட்டிய முடியின் நுனி மொட்டையாக இருக்கும், அதனால்தான் கைக்குச் சொரசொரவென்று படுகிறது.

படி 2: எந்த வகை?

கடையிலும் ஆன்லைனிலும் கிடைப்பவை மொத்தம் நாலு வகை.

யூஸ் அண்ட் த்ரோ. விலை குறைவு, ஊருக்குப் போகும்போது வசதி. தலை அசையாத மலிவு ரகங்கள் முழங்காலிலும் கணுக்காலிலும் வெட்டும், ஏனென்றால் வளைவுக்கு ஏற்றபடி நீங்கள்தான் கையைத் திருப்ப வேண்டும். வாங்குவதென்றால் தலை முன்னும் பின்னும் அசைகிற ரகமாகப் பார்த்து வாங்குங்கள்.

கார்ட்ரிட்ஜ் ரேசர். கைப்பிடி நிரந்தரம், தலையை மட்டும் மாற்றலாம். ஜில்லெட் வீனஸ் எல்லோருக்கும் தெரிந்த பெயர், 2001-ல் மூன்று பிளேடோடு வந்தது. நம் நாட்டு நிறுவனங்களிலும் கார்மெசி, சிரோனா, சான்ஃபே, பாம்பே ஷேவிங் கம்பெனியின் பாம்பே (Bombae) என்று நிறைய பேர் இப்போது பெண்களுக்கான ரேசர் விற்கிறார்கள். முதல் தடவை வாங்குபவர்களுக்கு நான் சொல்வது இந்த வகையைத்தான்.

பழைய காலத்து சேஃப்டி ரேசர், அதாவது இரண்டு பக்கமும் கூர் உள்ள ஒற்றை பிளேடை உள்ளே வைத்துத் திருகுவது. தாத்தா வைத்திருந்திருப்பார். தோலில் ஒரு இழுப்புக்கு ஒரே ஒரு கூர் மட்டும் படுவதால், முடி உள்ளே வளரும் தொல்லை உள்ளவர்களுக்கு இது நல்லது, பிளேடும் சல்லிசு. ஆனால் தலை அசையாது, சுமார் 30 டிகிரி சாய்வில் பிடித்து, அழுத்தமே கொடுக்காமல், ரேசரின் எடையாலேயே இழுக்க வேண்டும். கை பழக ஒரு மாதமாவது ஆகும். வழுக்கும் பாத்ரூமில் முதல் ரேசராக இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், ஒரு வருடம் பழகியவர்கள் தாராளமாக மாறலாம்.

டிரிம்மர், எலக்ட்ரிக் ஷேவர். டிரிம்மர் தோலை ஒட்ட வெட்டாது, தடவினால் கொஞ்சம் முள் தட்டும். கொசுக்கடிச் சோதனையில் தோற்றவர்கள், ஒவ்வொரு தடவையும் பொரி வருகிறவர்கள், அந்த முள்ளைப் பொறுத்துக்கொண்டு இதற்கே போய்விடுங்கள். பாவாடை, சல்வார் போடும்போது தள்ளி நின்று பார்ப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

ஆண்கள் ரேசரை வைத்துச் செய்யலாமா என்று கேட்பார்கள். பிளேடு என்ற அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் தலையின் வடிவத்திலும் கைப்பிடியிலும் இருக்கிறது. முகம் கண்ணாடிக்கு முன்னால் இருக்கிறது, கால் அப்படி இல்லை, குனிந்து, கண்ணுக்குத் தெரியாத பின்பக்கமெல்லாம் கையாலேயே தடவிப் பார்த்து மழிக்க வேண்டும். ஜில்லெட் 1915-லேயே பெண்களுக்கென்று ஒரு ரேசர் கொண்டுவந்தது. அதற்கப்புறம் பல காலம் ஆண்கள் ரேசரின் நிறத்தை மாற்றி விற்றதுதான் அதிகம். 1992-ல் வந்த சென்சர் ஃபார் விமன் ரேசரை வடிவமைத்த ஜில் ஷர்ட்லெஃப், பெண்கள் குளிக்கும்போது ஈரக் கையோடு எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்கி, அகலமான தட்டைக் கைப்பிடியாக மாற்றினார். அந்த மாற்றம் உண்மையிலேயே உபயோகமானது.

ஆனால் ரோஸ் நிறத்துக்கென்று கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. நியூயார்க் நகர நிர்வாகம் 2015-ல் ஏறக்குறைய 800 பொருட்களை ஒப்பிட்டுப் பார்த்து, பெண்களுக்கென்று விற்பது சராசரியாக 7 சதவீதம் விலை கூடுதல் என்றும், உடல் பராமரிப்புப் பொருட்களில் அது 13 சதவீதம் என்றும் சொன்னது. இங்கேயும் ஒரே நிறுவனத்தின் இரண்டு அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு தலைக்கு என்ன விலை வருகிறது என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். கைப்பிடி பிடிக்க வசதியாக இருந்து தலை அசைந்தால், புதிதாக வாங்கிய ஆண்கள் ரேசர் போதும். புதிதாக என்பதை அழுத்திச் சொல்கிறேன், அப்பாவுடையதோ கணவருடையதோ வேண்டாம்.

படி 3: எத்தனை பிளேடு?

இங்கேதான் விளம்பரம் நம்மை அதிகமாக இழுக்கும். ஐந்து பிளேடு என்றால் மூன்றைவிட நல்லது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

பல பிளேடு ரேசர் வேலை செய்யும் விதம் இதுதான்: முதல் பிளேடு முடியை வெட்டும்போதே கொஞ்சம் வெளியே இழுக்கிறது, அது உள்ளே சுருங்குவதற்குள் பின்னால் வரும் பிளேடு இன்னும் கீழே வெட்டிவிடுகிறது. அப்புறம் மிச்ச முடி தோல் மட்டத்துக்குக் கீழே போய்விடும். வழுவழுப்பு அதனால்தான். முடி திரும்ப வளரும்போது துவாரத்தின் வாய் மூடியிருந்தாலோ, முடி சுருட்டையாக இருந்தாலோ, வெளியே வராமல் உள்ளேயே குத்திக்கொண்டு வளர்வதும் அதனால்தான்.

இன்னொன்று, ஐந்து பிளேடு ரேசரை ஒரு தடவை இழுத்தால் தோலில் ஐந்து கூர் போகிறது. அதே இடத்தில் மூன்று தடவை இழுத்தால் பதினைந்து. தேய்ப்பைக் குறைக்க வேண்டும் என்று நான் சொல்வது இந்தக் கணக்கைத்தான். ஐந்து பிளேடில் நல்லதும் இல்லாமல் இல்லை, அழுத்தம் ஐந்துக்கும் பிரிந்து போவதால் புதுக் கைக்கு வெட்டுக்காயம் குறைவாக வரும், ஒரே இழுப்பில் வேலை முடியும். தோலில் தொல்லையே இல்லாமல் அவசரம் மட்டும் இருக்கிறவர்கள் வாங்கலாம். மற்றபடி மெல்லிய முடிக்கு இரண்டு, அடர்த்தியான முடிக்கு மூன்று, இதற்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதே இல்லை.

படி 4: கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை

கார்ட்ரிட்ஜின் பின்பக்கத்தை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், அட்டை இடம் கொடுத்தால் கடையிலேயே, இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்து. பிளேடுகளுக்கு நடுவில் வெளிச்சம் தெரிய வேண்டும். வெளிச்சம் போகிற வழியில்தான் தண்ணீரும் போகும், முடியும் நுரையும் வெளியே வரும். வெளிநாட்டு வீடியோக்களில் ஷவரைத் திறந்துவிட்டுக் கழுவுகிறார்கள். நாம் வாளியும் மக்குமாகக் குளிக்கிறோம், மக்குத் தண்ணீரில் இரண்டு முறை அலசினால் முடி போய்விட வேண்டும். பின்பக்கம் அடைத்த மாதிரி இருக்கும் தலையில் முடி சிக்கி, அப்புறம் ஒவ்வொரு இழுப்பும் இரண்டு இழுப்பாகிவிடும்.

பிளேடுக்கு முன்னால் ரப்பர் வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள், தோலைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக் கொடுப்பது அதன் வேலை. மேலே இருக்கும் பட்டை தண்ணீர் பட்டதும் வழுக்கும் ஒரு பாலிமர், கற்றாழை, வைட்டமின் ஈ எல்லாம் அதோடு கொஞ்சமாகச் சேர்ப்பவை. பட்டை இருப்பது நல்லது, ஆனால் அது ஷேவிங் ஜெல்லுக்கு மாற்று கிடையாது. வாசனைக்கு அரிப்பு வருகிற தோல் என்றால் வாசனை இல்லாததை எடுங்கள். பிளேடைச் சுற்றி சோப்புக் கட்டியே பதித்த ரகமும் வருகிறது, தலை பெரிதாக இருப்பதால் கணுக்கால் பள்ளத்தில் நுழையாது, நான் அதை விட்டுவிடுவேன்.

கைப்பிடியில் ரப்பர் பிடிமானம் அவசியம். உலோகக் கைப்பிடி பார்க்க அழகு, சோப்புக் கையில் வழுக்கும்.

கடைசியாக விலை. கைப்பிடியின் விலையைப் பார்க்காமல் ரீஃபில் விலையைப் பாருங்கள். நாலு தலை உள்ள பெட்டி 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், ஒரு தலை 150, ஆறு தடவை ஷேவ் செய்தால் ஒரு தடவைக்கு 25 ரூபாய். மலிவு என்று நினைத்து வாங்கிய கைப்பிடிக்கு ரீஃபிலே உங்கள் ஊரில் கிடைக்காவிட்டால் எல்லாம் வீண். பக்கத்து மெடிக்கலிலோ சூப்பர் மார்க்கெட்டிலோ ரீஃபில் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கைப்பிடியை வாங்க வேண்டும். ரீஃபில் கிடைக்காதவர்கள்தான் மொட்டை பிளேடை இரண்டு மாதம் ஓட்டுகிறார்கள்.

படி 5: முதல் ஷேவ், அதாவது ரேசருக்குப் பரீட்சை

விசேஷத்துக்கு முந்தின நாள் புது ரேசரைச் சோதிக்காதீர்கள், குறைந்தது ஒரு வாரம் முன்னால். முதல் தடவை ஒரு கெண்டைக்கால் மட்டும் செய்யுங்கள்.

முடி அரை சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் முதலில் டிரிம்மராலோ சின்னக் கத்தரிக்கோலாலோ குறைத்துக்கொள்ளுங்கள். குளித்து முடிக்கும் நேரத்தில் ஷேவ் செய்யுங்கள், மூன்று நிமிடமாவது காலில் வெதுவெதுப்பான தண்ணீர் பட்டிருக்க வேண்டும். ஊறிய முடி சுலபமாக வெட்டுப்படும், காய்ந்த முடி பிளேடையே எதிர்த்து நிற்கும். நின்றுகொண்டு குனிய வேண்டாம், பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்காருங்கள். தேங்காய் எண்ணெய் தடவி ஷேவ் செய்யலாம் என்று சொல்வார்கள், சேஃப்டி ரேசருக்குப் பரவாயில்லை, கார்ட்ரிட்ஜில் முடியும் எண்ணெயும் சேர்ந்து பிசினாகி அடைத்துவிடும்.

போர் தண்ணீர் வரும் வீடுகளுக்குத் தனியாக ஒன்று. உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து நுரைக்குப் பதிலாக வெள்ளை வெள்ளையாகப் பிசுக்காகும், பக்கெட் ஓரத்தில் படிவது அதுதான். அது காலில் வழுக்கவும் செய்யாது, பிளேடு இடுக்கில் போய் உட்காரவும் செய்யும். அதனால் குளியல் சோப்பை விட்டுவிட்டு ஷேவிங் ஜெல் போடுங்கள், இல்லையென்றால் தலைக்குப் போடும் கண்டிஷனர் போதும், அது உப்புத் தண்ணீரிலும் வழுக்கும். நான் ஒரு செம்பு குடிதண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன், பிளேடைக் கடைசியாக அலச மட்டும்.

முதலில் முடி படுத்திருக்கும் பக்கமாகவே, அதாவது மேலிருந்து கீழே. அழுத்தவே வேண்டாம். ஐந்தாறு சென்டிமீட்டர் இழுத்து, அலசி, அடுத்தது. அடர்த்தியான முடிக்காரர்களுக்கு இது போதாமல் இருக்கும், திரும்ப ஜெல் தடவி ஒரே ஒரு தடவை பக்கவாட்டிலோ கீழிருந்து மேலாகவோ இழுக்கலாம், கொசுக்கடித் தழும்புத் தோல்காரர்கள் அதைத் தவிருங்கள். முழங்காலை லேசாக மடக்கினால் தோல் விறைக்கும், முழுக்க மடக்கினால் எலும்பு துருத்திக்கொண்டு வெட்டும். கணுக்காலுக்குப் பாதத்தைக் கீழே நீட்டிக்கொள்ளுங்கள், குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த தசைநாண் ஓரத்தில் சின்னச் சின்னதாக இழுங்கள். முன்பக்க எலும்பில் சதையே இல்லை, அங்கே பொறுமை வேண்டும்.

இழுக்கும்போது எண்ணுங்கள். ஒரே இடத்தில் இரண்டு இழுப்பில் முடி போய்விட்டால் ரேசர் உங்களுக்குச் சரி. மூன்றாவது, நாலாவது கேட்டால் பிளேடு மொட்டை, இல்லை முடி ஊறவில்லை, இல்லை அந்த ரேசர் உங்கள் முடிக்குப் போதாது. நல்ல பிளேடு தடையில்லாமல் போகும், மொட்டை பிளேடு முடியைப் பிடித்து இழுக்கும், சுருக்கென்று இருக்கும்.

வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். சலூனில் தடவுவார்களே படிகாரக் கல், அதை ஈரமாக்கி வைத்தால் எரியும், ஆனால் ரத்தம் நிற்கும்.

முடித்ததும் சாதாரணத் தண்ணீர் ஊற்றி, துண்டால் ஒற்றி எடுத்து, வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் தடவுங்கள். அன்றைக்கு மஞ்சள், எலுமிச்சை, ஸ்க்ரப், ஸ்ப்ரே எதுவும் வேண்டாம், காலைப் பிடித்த லெகிங்ஸும் வேண்டாம். இரண்டு நாள் கழித்து அதே ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். பொரி இல்லை என்றால் அடுத்த காலுக்குப் போகலாம். பொரி இருந்தால் பிளேடு எண்ணிக்கையைக் குறைத்துப் பாருங்கள், அதற்கும் வந்தால் டிரிம்மர்.

படி 6: எப்போது தலையை மாற்றுவது, எங்கே வைப்பது

அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் 5 முதல் 7 ஷேவுக்கு ஒரு தடவை மாற்றச் சொல்கிறது. அது பொதுவான கணக்கு. இரண்டு காலும் தொடை வரை செய்தால் நாலைந்திலேயே இழுக்க ஆரம்பிக்கும். எஃகு இவ்வளவு சீக்கிரம் மழுங்குமா என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். 2020-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். முடி எஃகைவிட 50 மடங்கு மென்மையானது, ஆனாலும் முடி வளைந்துகொடுக்கும் கோணத்தில் கூரின் ஓரம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிடுகிறது. தேய்ந்து போவதைவிட இப்படி உடைந்து போவதுதான் காரணம் என்று கண்டார்கள். ஆக, துண்டில் தேய்த்துத் துடைப்பதும், கல்லில் தட்டி முடி எடுப்பதும் வேண்டாம், ஓரம் இன்னும் உடையும்.

அலசி, உதறி, பாத்ரூமுக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் தலை மேலே இருக்கும்படி நிறுத்தி வையுங்கள். நம் பாத்ரூம்கள் நாள் முழுக்க ஈரம், மூடி போட்டு உள்ளேயே வைத்தால் துருவும் வரும், கிருமியும் சேரும்.

ஹாஸ்டலில் இருக்கும் தங்கைகளுக்கு: ரேசரைக் கடன் கொடுக்காதீர்கள், வாங்காதீர்கள், உயிர்த் தோழியாக இருந்தாலும். ரத்தம் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே 7 நாள் வரை உயிரோடு இருக்கக்கூடியது. கழுவினேன் என்பது போதாது.

பழைய தலையையும் பிளேடையும் அப்படியே குப்பைக் கூடையில் போட வேண்டாம், தூய்மைப் பணியாளர்கள் பல இடங்களில் கையாலேதான் குப்பையைப் பிரிக்கிறார்கள். எங்கள் வீட்டில் காலியான பவுடர் டப்பா ஒன்றின் மேல்மூடியில் கீறி வைத்திருக்கிறேன், என்னுடையதும் அப்பாவுடையதும் அதற்குள்தான் போகின்றன. நிறைந்ததும் சுற்றி டேப் ஒட்டி, மேலே பெரிய எழுத்தில் "பிளேடு" என்று எழுதி, வண்டி வரும்போது கையில் கொடுத்துச் சொல்லிவிடுவேன்.